மேய்ப்பருக்கும் வேலி வேண்டும்

பாஸ்டரைக் கேள்வி கேட்டால் சாபம் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள், கொழும்பு மாடிவீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைத் தொட வேண்டாம். மற்றவர்கள் தைரியமாக வாசிக்கலாம். சாபம் வந்தால் எழுதியவனுக்கு வரட்டும்.

ஒரு போதகருக்கு, குருவானவருக்கு, சுவாமிக்கு, பாஸ்டருக்குத் தன் சபையார் மேல் எவ்வளவு அதிகாரம் உண்டு? அது எந்த இடத்தில் முடிகிறது? இதுதான் கேள்வி.

கடவுள் இருக்கிறாரா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அதில் தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும். கடவுள் இல்லையென்றால் அவர் பேரைச் சொல்லி அதிகாரம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. இருக்கிறார் என்றால், அவர் இந்த ஆளுக்குத்தான் அற்றோணிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்று காட்ட வேண்டியது அந்த ஆளின் பொறுப்பு. இதுவரை ஒருவரும் அந்தப் பத்திரத்தைக் காட்டவில்லை.

நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை ஆளாளுக்குக் கொடுக்கிறது. விரும்பிய மதத்தை ஏற்கும் உரிமை கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் பால்வெட்டுகிற ஆணுக்கும் உரியது. அவர்களுக்குப் பதிலாக அதை வைத்திருக்கும்படி எந்த ஊழியரிடமும் சட்டம் ஒப்படைக்கவில்லை. ஆகவே ஊழியரின் கையில் இருப்பது சபையார் கொடுத்த இரவல். கொடுத்தவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரவல் அதிகாரம் நம்மைப் படுத்திய பாடு மலையகத்துக்குப் புதிதில்லை. கங்காணிக்குத் தோட்டத் துரை கொடுத்த அதிகாரமும் இரவல்தான். அதைக் கொண்டு அவர் ஆள் பிடித்தார், முன்பணம் கொடுத்தார், கடன் கணக்கைத் தானே எழுதினார், தலைக்காசு வாங்கினார். துண்டு என்ற ஒரு கடதாசி இல்லாமல் தொழிலாளி அடுத்த தோட்டத்தில் கால் வைக்க முடியாது. அந்தத் துண்டில் அவன் கடன் எழுதியிருக்கும். கடனை ஏற்கிற தோட்டத்துக்கே ஆள் போகலாம். 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. கடதாசி போய்விட்டது. போக விடாமல் பிடித்து வைக்கிற புத்தி போய்விட்டதா என்பதுதான் சந்தேகம்.

தோட்டத்துக்குள் திருச்சபை வந்த வழியையும் மறந்துவிடக் கூடாது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் துரைமார் ஆதரவும் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள். பணிவைப் போதிக்கிற மதம் முதலாளிக்கு நட்டமில்லை. அதே மிஷன் மரநிழலில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்தும் சொல்லிக் கொடுத்தது. எழுத்துத் தெரிந்தவன் பிறகு துண்டையும் வாசித்தான், சம்பளச் சீட்டையும் வாசித்தான். நல்லதும் கெட்டதும் ஒரே வாசலால்தான் வந்தன. இரண்டையும் பிரித்தெடுக்கத்தான் புத்தி வேண்டும்.

இன்றைய சபையிலும் நல்லது இருக்கிறது. குடித்துக் கிடந்த ஆளைத் தேடி லயத்துக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் பெரும்பாலும் ஒரு பாஸ்டர்தான். தொழிற்சங்கத் தலைவர் தேர்தலுக்கு வருவார், துரை லயத்துப் பக்கம் வருவதே இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் சாதி பார்த்துப் பின்னுக்குத் தள்ளப்பட்டவனுக்கு ஜெபக்கூட்டத்தில் முன்வரிசைப் பாய் கிடைக்கிறது. பகுத்தறிவு பேசுகிற நாம் அந்த லயத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறோம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சபைக்குப் போகிறவர்களை மூடர் என்பது வெறும் திமிர்.

ஆனால் ஆறுதல் சொல்ல வந்தவர் ஆளத் தொடங்கினால் அது வேறு விஷயம். ஆறுதலுக்கு நன்றி சொல்லலாம். நன்றிக்குப் பதிலாக நம்மையே எழுதிக் கொடுக்க முடியாது.

முதல் எல்லை உடம்பு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் அடிக்கடி வருகிற நோய். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்கிறவனின் காற்புண் வழியே கிருமி ஏறுகிறது. வேளைக்கு மருந்து எடுத்தால் பிழைக்கலாம். பிந்தினால் சிறுநீரகம் போகும், உயிரும் போகும். இந்தக் காய்ச்சலுக்கு மூன்று நாள் உபவாச ஜெபம் என்று ஒருவர் சொன்னால், அந்த மூன்று நாள்தான் நோயாளிக்கு இருந்த அவகாசம். கித்துல்கலயில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, கரவனெல்லயில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இரண்டிலும் காசு கேட்பதில்லை. ஜெபம் பண்ணுகிறவர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பண்ணட்டும், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கட்டிலுக்குப் போகிற வழியை மறித்து நின்று பண்ணினால் அது ஜெபம் என்ற கணக்கில் வராது.

1924இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் மருந்து எடுப்பதில்லை. அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. வயது வந்த ஓர் ஊழியர் தன் உடம்பில் தன் கொள்கையைச் சோதித்துப் பார்க்கலாம். உடம்பு அவருடையது, உரிமையும் அவருடையது. ஆனால் அந்த உரிமை பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடம்புவரை நீளாது. காய்ச்சலில் கிடக்கிற ஐந்து வயதுப் பிள்ளை எந்த விசுவாசப் பிரமாணத்துக்கும் கையெழுத்து வைக்கவில்லை.

இந்த மண்ணே இதற்குச் சாட்சி. 1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கேகாலை மாவட்டமும் ஒன்று. பன்சலையில் பிரித் ஓதினார்கள், கோயிலில் நேர்த்தி வைத்தார்கள், தேவாலயத்தில் முழந்தாளிட்டார்கள். கொசு எந்த மதத்துக்கும் விலக்கு அளிக்கவில்லை. சூரியமல் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள் கொய்னா மருந்தையும் பருப்பையும் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடந்தார்கள். அவர்களில் ஒருவரான என். எம். பெரேராவுக்கு ஜனங்கள் ‘பருப்பு மாத்தயா’ என்று பேர் வைத்தார்கள். 1936இல் ருவன்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். அவர் எவர் தலையிலும் கை வைத்து நோய் தீர்த்தவர் அல்லர். பசித்த வயிற்றுக்குப் பருப்பும் காய்ச்சலுக்கு மருந்தும் வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

இதே கேகாலை மாவட்டத்தில், 2016 மே 17 அன்று புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியது. அதே நாளில் அரநாயக்கவில் ஒரு மலையே இறங்கி வந்தது. இப்படிச் செத்தவர்களின் பிரேதத்தருகே நின்றுகொண்டு பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கம் பண்ணுகிறவரிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும்: துரையின் பங்களா மட்டும் ஏன் சரியாத இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது? லயத்தைச் சரிவின் அடியில் கட்டியது மனிதன். மழையை அளந்து, ஆட்களை முன்கூட்டியே எழுப்பி வெளியேற்ற வேண்டியதும் மனிதன். பாவத்தைக் காரணமாக்கினால் தோட்டக் கம்பெனியும் அரசும் தப்பிவிடும்.

யாழ்ப்பாணத்துக் கதையும் இருக்கிறது. 2020 மார்ச் 15 ஞாயிறு. கொரோனா உலகைச் சுற்றி வரத் தொடங்கியிருந்த நேரம். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் போதகர் அரியாலையில் ஆராதனை நடத்தினார். திரும்பிப் போன பிறகு அவருக்குத் தொற்று உறுதியானது. கலந்துகொண்டவர்களைத் தனிமைப்படுத்தினார்கள், அவர்களில் பலருக்கும் தொற்று இருந்தது. நோய் வந்தது அவர் குற்றமில்லை. தெரிந்தே பரப்பினார் என்று சொல்வதும் அநியாயம். அந்த வாரம் பஸ்ஸும் ஓடியது, கோயிலும் திறந்திருந்தது. நான் கேட்பது சபையாரைத்தான். ‘ஐயா, நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள், இரண்டு கிழமை கழித்துக் கூட்டம் வைப்போம்’ என்று சொல்லக்கூடிய ஒரு மூப்பர் எத்தனை சபைகளில் இருக்கிறார்? சொன்னால் அடுத்த வாரமும் அவர் மூப்பராக இருப்பாரா?

அற்புதம் நடக்கிறது என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரை நினைவூட்டலாம். கேரளத்துத் திருவல்லாவில் மார்த்தோமா குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வென்றெடுக்கவில்லை.

இரண்டாவது எல்லை காசு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்கே எத்தனை வருடப் போராட்டம். அந்தக் கணக்கில் மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபாய். அதில் தசமபாகம் 3,375. பிள்ளையின் பஸ் காசும் கொப்பியும் அதற்குள்தான் இருக்கின்றன. கொடுக்கிறவர் மனமாரக் கொடுத்தால் நமக்கு அதில் பேச்சில்லை. கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் தடைப்படும், வியாதி வரும் என்று சொல்லி வாங்கினால் அது காணிக்கை ஆகாது, கப்பம். தொழிற்சங்கச் சந்தாவைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிறோம். ஆனால் அது சம்பளச் சீட்டில் பதிகிறது, சங்கமும் ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். காணிக்கைப் பைக்குள் போன 3,375க்குச் சீட்டு எங்கே? கணக்கு எங்கே?

ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையைக் காணிக்கை எடுக்கும் நேரத்தில் சொல்கிறார்கள். மாற்கு 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, அந்தக் கதைக்குச் சற்று மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிற மதத் தலைவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அடுத்த பேச்சே விதவையின் காசு. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அந்தக் கதை கொடுப்பவளுக்குப் பாராட்டா, வாங்குபவருக்குக் குற்றப்பத்திரிகையா என்ற கேள்வி எழும். அந்த நாலு வரியைத் தாண்டிக் குதிக்கிற பிரசங்கிக்கு அது தெரியாமல் இருக்காது.

மூன்றாவது எல்லை வீடு. யாரைக் கட்டுவது, எத்தனை பிள்ளை பெறுவது, அடிக்கிற புருஷனோடு இருப்பதா பிரிவதா, அம்மா செத்தால் இந்து உறவினரோடு சேர்ந்து அழலாமா, யாருக்கு வாக்குப் போடுவது - இவற்றில் போதகர் தன் கருத்தைச் சொல்லலாம், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லலாம். இரண்டும் கருத்துத்தான். போதகரிடம் சொன்ன இரகசியம் போதகரின் கையில் ஆயுதமாக மாறவும் கூடாது. 2018இல் கேரளத்தில் ஒரு பெண்ணின் பாவசங்கீர்த்தன இரகசியத்தை வைத்து அவரை மிரட்டிப் பாலியல் கொடுமை செய்ததாக மலங்கரை ஓர்த்தடொக்ஸ் சபைக் குருமார் சிலர் மேல் குற்றச்சாட்டு எழுந்தது. கதவு மூடிய அறையும், கேள்வி கேட்க முடியாத ஆளும் ஒன்று சேர்ந்தால் எந்த மதமானாலும் ஆபத்து அங்கேதான்.

நான்காவது எல்லை வாய். அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்ற வசனத்தைப் பாஸ்டர்மார் கேடயமாகப் பிடிக்கிறார்கள். 105ஆம் சங்கீதத்தில் அந்தச் சொல் யாருக்குச் சொல்லப்படுகிறது? அரசர்களுக்கு. யாரைக் காக்க? நாடில்லாமல், எண்ணிக்கையில் சொற்பமாய், ஊர் ஊராக அலைந்த ஒரு கூட்டத்தை. மலையக மக்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பலம் உள்ளவரிடமிருந்து பலம் இல்லாதவரைக் காக்கச் சொன்ன சொல்லை, லயத்துக் கிழவியின் கேள்வியிலிருந்து மேடையில் நிற்கிறவரைக் காக்கத் திருப்பிவிட்டார்கள். அந்தியோகியாவில் பேதுருவின் முகத்துக்கு நேரே நின்று, எல்லார் முன்னிலையிலும் அவர் பிழையைப் பவுல் சொன்னார். பேதுருவையே கேள்வி கேட்கலாம் என்றால் பாஸ்டர் எம்மாத்திரம்?

வாயை அடைக்கிற வழக்கம் சிறு சபைகளோடு நிற்பதில்லை. திஸ்ஸ பாலசூரிய என்ற அமலமரித் துறவி 1990இல் மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜென்மப் பாவம் பற்றிக் கேள்வி கேட்டார், பெண்கள் குருவாகலாம் என்ற பக்கம் நின்றார். வத்திக்கான் தயாரித்த விசுவாச அறிக்கையில் கையெழுத்து வைக்க மறுத்தார். 1997 ஜனவரியில், எழுபதைத் தாண்டிய அந்த மனிதரைத் திருச்சபைக்கு வெளியே தள்ளினார்கள். தன் வாதத்தைக் கேட்கிற நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று அவர் முறையிட்டார். உலகம் முழுவதிலுமிருந்து எதிர்ப்பு வந்தது. ஓராண்டு கழித்து 1998 ஜனவரியில் தண்டனையை நீக்கினார்கள்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தப் புத்தகத்தைக் கண்டித்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மல்கம் ரஞ்சித். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களைச் சேர்த்து 1995இல் இரத்தினபுரி மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயரும் அவரே. அந்த வகையில் கித்துல்கலக் கத்தோலிக்கருக்கும் அவர் மேய்ப்பர். அதே மனிதர் பிற்பாடு கர்தினாலாக, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், உண்மையைச் சொல் என்று அரசாங்கம் மாற அரசாங்கத்திடம் கேட்டார். அந்தக் குரலுக்குப் பௌத்தரும் முஸ்லிமும் நாத்திகரும்கூட மதிப்புக் கொடுத்தார்கள். அதிகாரம் உள்ளவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டபோது அதே குரல் மக்களுடைய குரலானது. ஒரு கிழத் துறவியின் பேனாவை நோக்கித் திரும்பியபோது அது வெறும் அதட்டல். எல்லையை ஆளைப் பார்த்துப் போட முடியாது, அதிகாரம் எந்தத் திசையில் பாய்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

ஐந்தாவது எல்லை வாசல். இதுதான் மற்ற நான்குக்கும் உரைகல். ஒரு சபை நல்லதா கெட்டதா என்று அறிய அதன் பாட்டையோ பிரசங்கத்தையோ கேட்க வேண்டாம். விலகிப் போனவரை அது எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். போனவள் வீட்டுச் சாவுக்குச் சபையார் போகிறார்களா? போனவன் பேரை மேடையில் இழுக்கிறார்களா? போனால் விபத்து வரும் என்று பயமுறுத்துகிறார்களா? அப்படியானால் அங்கே இன்னும் துண்டு முறைதான் நடக்கிறது. கடன் மட்டும் ரூபாயில் இல்லை.

வாசல் அடைபட்ட சபை எங்கே போய் முடியும் என்பதை 2023இல் கென்யாவின் ஷகஹோலாக் காடு காட்டியது. பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைக் காணலாம் என்று ஒரு போதகர் சொன்னதைக் கேட்ட நானூறுக்கும் மேற்பட்டவர்களின் சடலங்களைத் தோண்டி எடுத்தார்கள். குழந்தைகளும் அவற்றில் இருந்தன. அவர்கள் எல்லாரும் முதல் நாளே சாகச் சம்மதித்தவர்கள் இல்லை. முதலில் மருந்தை விட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், சொத்தை விற்றார்கள். ஒவ்வொரு படியிலும் ஏன் என்று ஒருதரம் கேட்டிருந்தால் கீழ்ப்படிக்கு இறங்கியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அரசாங்கம் வந்து வேலி போடட்டுமா? இங்கேதான் பகுத்தறிவு பேசுகிற பலர் தடுமாறுகிறார்கள். 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது கைதட்டிய தமிழ் நாத்திகரும் உண்டு. அந்தச் சட்டமூலம் ஆட்டை அது பிறந்த பட்டியிலேயே கட்டிவைக்கப் பார்த்தது. ஆட்டின் விருப்பத்தை அது கேட்கவில்லை. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

2023 மே மாதம் ஜெரோம் பெர்னாண்டோ என்ற பாஸ்டர் மற்ற மதங்களைத் தாழ்த்திப் பேசினார் என்று நாடே கொதித்தது. டிசம்பரில் அவரைக் கைது செய்தார்கள், 2024 ஜனவரியில் பிணை கிடைத்தது. அதே 2023 மே மாதம் பௌத்தத்தை அவமதித்ததாகச் சொல்லி நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரியவையும் பிடித்தார்கள். இரண்டுக்கும் கையில் எடுத்தது 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டம். மனித உரிமையைக் காக்க வந்த சட்டம் மதத் தலைவர்களின் மனம் நோகாமல் காக்கிற காவல்காரனாக மாறிவிட்டது. பாஸ்டர்மாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறே இருந்தன: பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நோய் தீரும் என்ற வாக்குறுதிக்கு யார் பொறுப்பு? அவற்றைவிட, அடுத்த மதத்தை ஏன் வைதாய் என்ற கேள்விதான் பெரிதாக எழுந்தது. வைவதற்கு எதிராகச் சட்டம் போட்டால் நாளைக்கு அதே சட்டம் இந்தக் கட்டுரையின் கழுத்துக்கும் வரும்.

குழந்தைக்கு மருந்து மறுத்தால், பெண்ணை மிரட்டினால், ஏமாற்றிப் பணம் பறித்தால் அவை எல்லாருக்கும் பொதுவான குற்றங்கள். அங்கி போட்டவர் என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பொலிஸ் அதைப் பார்க்கட்டும். மற்ற வேலியைச் சபையார்தான் போட வேண்டும். அது அவர்களால் முடியாத காரியமுமில்லை. காணிக்கைக் கணக்கை மாதம் ஒருமுறை சபை முன் வாசிக்கச் சொல்லுங்கள். பாஸ்டரின் மனைவியும் மைத்துனனும் இல்லாத ஒரு குழுவிடம் பெட்டிச் சாவியைக் கொடுங்கள். பெண்கள் அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று எவரும் சொல்லக் கூடாது என்று எழுதி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகளோடு தனி அறையில் எவரும் கதவைச் சாத்தக் கூடாது. விலகிப் போகிறவரைக் கைகுலுக்கி அனுப்புங்கள்.

ஒரு நல்ல போதகர் இதையெல்லாம் கேட்டுக் கோபப்பட மாட்டார், பாரம் குறைந்தது என்று சந்தோஷப்படுவார். கோபப்படுகிறவர் யார் என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சபைக்கு மட்டும் சொல்லவில்லை. சங்கத் தலைவருக்கும், கோயில் தர்மகர்த்தாவுக்கும், பகுத்தறிவுக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவருக்கும் இதே அளவுகோல்தான். ‘மாட்டேன்’ என்று சொன்னால் உங்கள் வேலை, உறவு, மரியாதை, தூக்கம் எதையும் பறிக்க முடியாதவரே உங்களுக்கு வழி சொல்லத் தகுதி உள்ளவர். அடுத்த ஞாயிறு சபைக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போய், நியாயமான ஒரு கேள்வியை எல்லார் முன்னிலையிலும் சத்தமாகக் கேளுங்கள். பதில் வந்தால் அங்கேயே இருங்கள். சாபம் வந்தால் எழுந்து வெளியே வாருங்கள்.